பானையைக் கட்டும் முன் பறவையைப் பாருங்கள்

மறுபடியும் என் கால்நடை கிளினிக்கில் ஒரு செருப்பு டப்பா. உள்ளே பழைய பனியன் துணி, அதன் மேல் இறகை உப்பிக்கொண்டு ஒரு பச்சைப் பட்ஜிக் கிளி. வால் மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்குகிறது. கால் விரல்களில் பிடிமானமே இல்லை. அடிவயிற்றில் விரலை வைத்தால் முட்டை தட்டுப்படுகிறது. கண்ணைப் பார்த்தேன், முழுக் கறுப்பு. வளர்ந்த பறவைக்கு இருக்கும் வெள்ளை வளையம் இன்னும் விழவில்லை. அதாவது இதுவே ஒரு குஞ்சு.

"எத்தனை மாசம்?"

"அடல்ட் ஜோடின்னுதான் மேடம் கடையில சொன்னாங்க."

"முட்டை வைக்கிற பானை எப்போ கட்டினீங்க?"

"கூண்டு வாங்கினப்பவே. ஃப்ரீயா கொடுத்தாங்க."

இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போய்த்தான் இதை எழுதுகிறேன்.

லவ் பேர்ட்ஸ் என்று நம் ஊரில் விற்கப்படும் இந்தப் பட்ஜிகளுக்குப் பானை என்பது வீடு அல்ல, முட்டை வைக்கும் இடம். அதில் அவை தூங்குவதில்லை. குளிருக்கோ மழைக்கோ உள்ளே போய் ஒதுங்குவதும் இல்லை. இவற்றின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மழை பெய்து புல் விதை முற்றினால் அது எந்த மாதமானாலும் இனப்பெருக்கக் காலம்தான். மரப்பொந்து ஒன்று கிடைத்துவிட்டால் பெட்டையின் உடம்பு முட்டைக்குத் தயாராகிவிடும். மற்ற நாளெல்லாம் கூட்டமாகக் கிளையில் உட்கார்ந்துதான் தூங்கும். நாம் என்ன செய்கிறோம்? வருடம் முழுக்கத் தட்டு நிறையத் தினை வைக்கிறோம், ஓர் ஆணைக் கூட விடுகிறோம், இருட்டான பானை ஒன்றையும் தொங்கவிடுகிறோம். மழை பெய்துவிட்டது, ஆரம்பி என்று அதற்குச் சொல்வதும் இதுவும் ஒன்றுதான்.

"பாவம் மேடம், மார்கழிக் குளிரில் வெளியே உட்கார்ந்திருக்குமே" என்று ஒரு பாட்டி கேட்டார். சென்னை மார்கழி அதற்குக் குளிரே இல்லை. மனசு கேட்கவில்லை என்றால் கூண்டின் மூன்று பக்கமும் துணியைப் போட்டு மூடுங்கள். பானை வேண்டாம்.

பானை இல்லாமலே தீனித் தட்டில் முட்டை வைக்கிற பெட்டைகளும் உண்டு. ஆண் இல்லாமலும் வைக்கும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் எடுத்துப் போட்டுவிடாதீர்கள். எடுக்க எடுக்க, குறைந்ததை ஈடுகட்ட அது இன்னும் வைக்கும். மூன்று வாரம் அப்படியே விடுங்கள், அலுத்துப்போய்த் தானே எழுந்துவிடும். வீட்டு டியூப் லைட் வெளிச்சம் இரவு பதினொரு மணி வரை கூண்டில் விழுவதையும் நிறுத்துங்கள், அதுவும் முட்டை வைக்கத் தூண்டும்.

சரி, குஞ்சு எடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு.

முதலில் வயது. நான்கைந்து மாதத்திலேயே இவை ஜோடி சேரும். அதற்காகச் சேர விட வேண்டும் என்று அர்த்தமில்லை. பெட்டைக்கு ஒரு வயதாவது நெருங்கட்டும். நான்கு வயது தாண்டிய பெட்டையை விட்டுவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் வயதை நம்பாமல் நீங்களே பாருங்கள்: நெற்றியில் அலகு வரை கறுப்புக் கோடுகள் இருந்தால் மூன்று, நான்கு மாதம்கூட ஆகாத குஞ்சு. கோடு போய், கண்ணில் வளையமும் தெளிவாகத் தெரிந்தால் ஏழெட்டு மாதத்தைத் தாண்டியிருக்கும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் கோடு தெரியாது, கண் சிவப்பாக இருக்கும். அவற்றில் இந்தக் கணக்கு எடுபடாது.

ஆணா பெண்ணா என்பதற்கு மூக்குதான், அதாவது அலகுக்கு மேலே மூக்குத் துளைகள் இருக்கும் சதைப் பகுதி. வளர்ந்த ஆணுக்கு நீலம். பெட்டைக்கு வெளிறிய நிறம், இனப்பெருக்கத்துக்குத் தயாரானால் காப்பித் தூள் நிறத்தில் தடித்துவிடும். மஞ்சள், வெள்ளை ரகங்களில் ஆணின் மூக்கு ரோஸாகவே இருக்கும், பலர் ஏமாறுவது இங்கேதான். பல்லாவரம் சந்தையில் 'ஜோடி' என்று வாங்கி வந்து, ஒன்றரை வருடமாகப் பானையைக் கழுவிக் கழுவி மாட்டியவரின் இரண்டு பறவைகளும் ஆண். சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றுக்கொன்று ஊட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தன. (நீலமாக இருந்த ஆணின் மூக்கு திடீரென்று பழுப்பாக மாறினால் அதைப் 'பெண்ணாகிவிட்டது' என்று வாட்ஸ்அப் குழுவில் போடாமல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள். விரையில் கட்டி இருக்கலாம்.)

ஒரே கூண்டில் இருந்து இரண்டைப் பிடித்துக் கொடுத்தால் அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆணை ஓர் இடத்திலும் பெட்டையை வேறு இடத்திலும் வாங்குங்கள். வாங்கும் முன் கையில் பிடித்து நெஞ்சைத் தடவிப் பாருங்கள்: நடு எலும்பு கத்தி முனை போலக் குத்தினால் வேண்டாம், எலும்பே தட்டுப்படாத அளவு கொழுத்திருந்தாலும் வேண்டாம். அலகைச் சுற்றி வெள்ளையாக, பொருக்குப் பொருக்காக இருந்தால் அது பூச்சி. மருந்துக்குச் சரியாகும், ஆனால் சரியான பிறகு பானையைப் பற்றிப் பேசலாம். ஆசன வாய்ப் பக்கம் எச்சம் ஒட்டியிருப்பது, மூச்சு விடும்போது 'டிக் டிக்' சத்தம், இரண்டுமே நிராகரிக்கப் போதுமான காரணங்கள்.

புதுப் பறவையை வீட்டுப் பறவையோடு அன்றே சேர்க்காதீர்கள். ஒரு மாதம் தனி அறையில் வையுங்கள். சிட்டகோசிஸ் பறவையிடமிருந்து மனிதருக்கும் வரும் நோய். புதுப் பறவை வந்த வீட்டில் யாருக்காவது காய்ச்சலோடு இருமல் வந்தால், பறவை வளர்ப்பதை உங்கள் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அவராகக் கேட்க மாட்டார்.

அடுத்தது சாப்பாடு. பட்ஜியின் எடை 30, 35 கிராம். ஒரு முட்டை 2 கிராமுக்குச் சற்று மேல். ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முட்டை வைத்தால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கை இறக்கிவைக்கிறது. வெறும் தினையில் இதற்கான சுண்ணாம்புச் சத்து எங்கே இருக்கிறது? பானை கட்ட ஒன்றரை மாதம் முன்பே ஆரம்பியுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாய் மீனின் ஓடு) கூண்டுக் கம்பியில் கட்டிவிடுங்கள். வாரம் இரண்டு நாள், வேகவைத்த முட்டையை ஓட்டோடு நொறுக்கிக் கொஞ்சமாக வையுங்கள். இந்த வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது கூண்டில் கிடக்கக் கூடாது. முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் தினமும் கொடுக்கலாம். பாலக் வேண்டாம், இருக்கும் கால்சியத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும். காலை வெயில் அரை மணி நேரம் நேராகப் படட்டும், ஒதுங்க நிழலும் இருக்கட்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் டி வைட்டமின் கிடைக்காது.

இவ்வளவு செய்தும் முட்டை சிக்கலாம். இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால் காலை வரை காத்திருக்க வேண்டாம். மெல்லிய வெதுவெதுப்பு கொடுத்து உடனே கிளம்புங்கள். விளக்கெண்ணெய் தடவுவது, வயிற்றை அமுக்குவது எல்லாம் யூடியூப் வைத்தியம். முட்டை உள்ளே உடைந்தால் காப்பாற்றுவது கஷ்டம். இந்த அளவுப் பறவைக்குக் கால்சியம் ஊசி போடுவது எங்களுக்கே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை.

பானையோ மரப்பெட்டியோ உங்கள் விருப்பம். பெட்டி என்றால் அடியில் குழி இருக்கட்டும், மரத்தூள் கொஞ்சம் போடுங்கள். சமதளத்தில் வளரும் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துவிடும். நாள் தாண்டி வந்தால் எங்களால் அதை நிமிர்த்த முடியாது. ஒரு கூண்டுக்கு ஒரு ஜோடி போதும். துணையில்லாத பெட்டை ஒன்று கூட இருந்தால் அடுத்தவள் பானைக்குள் புகுந்து குஞ்சுகளைக் கொன்றுவிடும். சித்திரை வைகாசியில் ஆரம்பிக்காதீர்கள், மண் பானைக்குள் அந்தச் சூட்டில் குஞ்சு தாங்காது.

முட்டை 18 நாளில் பொரிக்கும். ஐந்து வாரத்தில் குஞ்சு வெளியே வந்துவிடும். அதற்குள் பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகி, பானையைக் காலி செய்யக் குஞ்சின் இறகைப் பிடுங்க ஆரம்பித்தால் குஞ்சுகளைத் தனிக் கூண்டில் விட்டு, ஆணையும் கூட விடுங்கள். அது ஊட்டிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டவே வேண்டாம். பெட்டை கேட்கும், நீங்கள்தான் மறுக்க வேண்டும்.

குஞ்சு பொரித்த தேதியைத் தினசரி காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு குஞ்சு கேட்டால் அண்ணன் தங்கையைக் கொடுக்காமல் இரண்டும் ஆணாகப் பார்த்துக் கொடுங்கள். பானையைக் கேட்டால் உடைந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.