பேட் பிடித்தால் நிற்கும் நடுக்கம்

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "எங்க பாக்சிங் மாஸ்டருக்குப் பார்க்கின்சன்னு சொல்லிட்டாங்க. சும்மா உட்கார்ந்திருந்தா வலது கை நடுங்குதுங்க. ஜிம் வாசப்படியில கால் ஒட்டிக்குதுங்க. ஆனா நாங்க குத்திப் பழகறதுக்குக் கையில பேட் புடிச்சு நின்னா ரெண்டுமே தெரியறதில்லைங்க. நடிக்கறாருன்னு சில பேர் பேசறாங்க. இது எப்படிங்க?"

நடிப்பே இல்லை. நோயின் இயல்பே இதுதான்.

நடுமூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தரும் செல்கள் ஆண்டுக்கணக்கில் மெல்ல அழிவதால் வருவது பார்க்கின்சன். 1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இதை விவரித்து எழுதினார். கை ஓய்ந்திருக்கும்போது நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். அதே கை ஒரு வேலையில் இறங்கினால் பெரும்பாலும் அடங்கும். நடுக்கத்துக்கான பதில் அவ்வளவுதான். வாசப்படியில் ஒட்டிக்கொள்ளும் கால்தான் என்னை விடாமல் யோசிக்க வைப்பது.

மூளையின் ஆழத்தில் அடித்தள முடிச்சுகள் என்று ஒரு நரம்புச் செல் கூட்டம் இருக்கிறது. கீழ்பவானி வாய்க்காலில் மதகைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் போன்றது அது. எல்லா அசைவுகளையும் அடைத்தே வைத்திருக்கும். இப்போது எது தேவையோ அந்த ஒரு மதகை மட்டும் திறந்துவிடும். திறக்க உதவுவது டோபமின். அது குறைந்துபோனால், நடக்க வேண்டும் என்ற எண்ணம் இருக்கும், தொடையில் வலுவும் இருக்கும், ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராது.

சரி, வாய்க்காலில் தண்ணீர் வராத வருஷம் நம் விவசாயி என்ன செய்கிறார்? கிணற்று மோட்டாரைப் போடுகிறார். மூளைக்கும் அப்படி ஒரு கிணறு உண்டு! நாமாக நினைத்துத் தொடங்கும் அசைவு அடித்தள முடிச்சுகளைப் பெரிதும் நம்பியிருக்கிறது. கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் இழுத்துவிடும் அசைவோ சிறுமூளை, பார்வைப் பகுதிகள் வழியாக இன்னொரு பாதையில் போக முடியும். அங்கே டோபமின் பஞ்சம் அவ்வளவாக உறைப்பதில்லை. வெறும் தரையில் நின்றுவிடுகிறவர், குறுக்கே கோடு போட்டால் ஒவ்வொரு கோடாகத் தாண்டி நடந்துவிடுவது இதனால்தான். உங்கள் கிளவுஸ் பறந்து வரும்போது மாஸ்டர் கையைத் தூக்கலாமா என்று முடிவெடுப்பதே இல்லை. வருகிற குத்தே அவர் கையை அழைத்துக்கொள்கிறது. பிலிப்பைன்ஸ் குத்துச்சண்டை வீரர் மேனி பாக்கியாவோவின் பயிற்சியாளர் ஃப்ரெட்டி ரோச்சும் பார்க்கின்சனோடுதான் பல ஆண்டுகள் பேட் பிடித்தார்.

நம் ஊர்களில் சாயங்காலம் வள்ளிக் கும்மி பழகுகிறார்களே, பாட்டுக்குக் கைதட்டி அடியெடுத்து வைக்கிற அந்தத் தாளமும் இதே கிணற்றைத்தான் தொடும் என்பது என் ஊகம். ஆனால் தரைக் கோட்டுக்கும் கும்மித் தாளத்துக்கும் காப்புரிமை கிடையாது; மருந்து ஆராய்ச்சிக்கு வரும் பணம் இதற்கு வராது. அரசுதான் தர வேண்டும். செய்வினை என்று பயந்து பூசைக்குக் கொட்டும் பணத்தைப் பார்க்கும்போது இது இன்னும் உறுத்துகிறது.

கிணறு இருக்கிறதென்று வாய்க்காலை விட்டுவிடக் கூடாது. மூளையில் டோபமினாக மாறும் லெவோடோபா மாத்திரை தொடர வேண்டும். பாக்சிங்காரர்களுக்கு முட்டையும் கோழியும் அதிகம்; புரதம் அந்த மருந்து உறிஞ்சப்படுவதில் குறுக்கே நிற்கும். எனவே மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவெளி எவ்வளவு என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பூனைக்காலி விதையிலும் லெவோடோபா இருப்பது உண்மை, ஆனால் அளவு தெரியாமல் பொடியை அள்ளிச் சாப்பிடக் கூடாது. அப்புறம், அவர் தலையில் ஒரு குத்துகூட விழ விடாதீர்கள்.

அந்த வாசப்படிக்கு முன்னால், ஓர் அடி இடைவெளியில் நாலைந்து மஞ்சள் டேப் பட்டைகளைக் குறுக்கே ஒட்டுங்கள். கால் ஒட்டிக்கொண்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்களுக்கு அவர் எண்ணிச் சொல்லித் தருவாரே, அதே சீரில் பக்கத்தில் நின்று "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லுங்கள்.