பழைய போனை எப்போது கைவிடுவது?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல் தள்ளி இருக்கும் மாமியின் போனில் அன்ட்ரொய்ட் 6. திரையின் ஒரு மூலையில் விரிசல். பற்றரியைப் புறக்கோட்டையில் ஒருமுறை மாற்றியாயிற்று. 2024 ஒக்டோபரில் அதைக் கொண்டுவந்து தந்தார். "தம்பி, உங்கட அகராதி புதுச் சொல் ஒண்டும் எடுக்குதில்லை."

நானும் சில நண்பர்களும் ஓய்வு நேரத்தில் வளர்க்கும் திறந்த மூலச் செயலி அது. பல மாதங்களாக அதில் நாங்கள் கைவைக்கவில்லை. மாறியிருந்தது வெளியுலகம்.

இணையத்தளம் ஒன்று தன்னை அடையாளம் காட்டச் சான்றிதழை நீட்டும். அதற்குக் கையொப்பமிட்டவர் யார், அவருக்குக் கையொப்பமிட்டவர் யார் என்று போன் படிப்படியாக மேலே போகும். அந்தச் சங்கிலி, போன் ஏற்கெனவே நம்பித் தனக்குள் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்ப் பட்டியலில் போய் முடிந்தால்தான் தொடர்பு திறக்கும். பழைய அன்ட்ரொய்ட்டில் இந்தப் பட்டியல் இயங்குதளத்தோடு ஒட்டியது. தயாரித்த நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திய நாளிலேயே பட்டியலும் உறைந்துவிடும். எங்கள் சேவையகத்துக்கும் இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த மூலச் சான்றிதழ், 7.1.1க்கு முந்திய அன்ட்ரொய்ட்டில் இல்லை. அன்ட்ரொய்ட் சாதனங்களில் 33.8 வீதம் 7.1க்கு முந்தியவை என்று 2020 நவம்பரில் அந்த அமைப்பே எழுதியது. அதுவரை கைகொடுத்த இன்னொரு நிறுவனத்தின் மூலச் சான்றிதழோ 2021 செப்டெம்பர் 30இல் காலாவதியாக இருந்தது.

அப்போது கண்டுபிடித்த வழி எனக்கு இன்றும் வியப்புத் தருவது. தன் பட்டியலில் உள்ள மூலச் சான்றிதழின் காலாவதித் திகதியை அன்ட்ரொய்ட் பார்ப்பதில்லை. ஆகவே காலாவதியாகப் போகும் அந்தப் பழைய மூலத்தைக் கொண்டே புதியதற்கு இன்னொரு கையொப்பம் வாங்கினார்கள். பழைய போன்களுக்கு மூன்று ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. அதுவும் 2024இல் படிப்படியாக விலக்கப்பட்டு, செப்டெம்பர் 30உடன் முற்றாக முடிந்தது. மாமி வந்தது அதற்குப் பிறகு.

அவருடைய போன் அன்ட்ரொய்ட் 7.0 ஆக இருந்திருந்தால், புதிய மூலச் சான்றிதழைச் செயலிக்குள் வைத்து, அமைப்புக் கோப்பு ஒன்றில் சில வரி சேர்த்தால் போதும். அந்த வசதி 7.0இல்தான் வந்தது. 6இல் அதே வேலைக்கு நாமே நிரல் எழுதவேண்டும். வரிகள் அதிகமில்லை, ஆனால் பாதுகாப்பைத் தொடும் நிரல். ஒரு தவறு போதும், எந்தப் போலிச் சான்றிதழையும் செயலி நம்பிவிடும். எழுதினோம், மூன்று பேர் வரிவரியாகப் பார்த்தோம்.

அதே கிழமை அன்ட்ரொய்ட் 4.4க்கான ஆதரவைக் கைவிட்டோம். அதில் இணையத் தொடர்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டி.எல்.எஸ். 1.2 நெறிமுறை இருந்தும் இயல்பாக முடுக்கப்பட்டிருக்காது, அதற்குத் தனி நிரல் வேண்டும். அதைக்கூடச் சமாளித்திருப்போம். ஆனால் செயலியைக் கட்டப் பயன்படும் கூகுளின் என்.டி.கே. கருவித்தொகுப்பு 26ஆம் பதிப்பிலேயே 4.4ஐ விட்டுவிட்டது. 4.4 வேண்டுமென்றால் எல்லோருக்கும் பழைய கருவியால்தான் கட்டவேண்டும். ஒரு சில போன்களுக்காக மற்ற அனைவரின் பாதுகாப்பையும் பழைய இடத்தில் நிறுத்திவைப்பது சரியென்று எனக்குப் படவில்லை.

பெரிய திட்டங்கள் இந்த முடிவை வேறு வேறு விதமாக எடுக்கின்றன. பைதன் நிரல்மொழிக்கான கணித நூலகமான நம்பை நாட்காட்டியைப் பார்க்கிறது: கடந்த 42 மாதங்களில் வெளியான பைதன் பதிப்புகளைத் தாங்குவது என்று ஆரம்பத்தில் விதி வகுத்துக்கொண்டது. இணையத்தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் தலைகளை எண்ணுகிறது: அது எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியின் ஒரு பதிப்பின் பாவனை 5 வீதத்துக்குக் கீழே போகும்வரை காத்திருப்பது அதன் வழக்கம். பிஎச்பி 5.6க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 முடிவோடு நின்றன. வேர்ட்பிரஸ் அதை விட்டது 2023இல்.

எண்ணுவது நியாயமாகத் தெரியும். ஆனால் எங்கள் சேவையகப் பதிவில் நடந்ததைச் சொல்கிறேன். 2024இன் நடுப்பகுதியிலிருந்து அன்ட்ரொய்ட் 6 பாவனையாளரின் கோடு மளமளவென்று இறங்கியது. ஆட்கள் புதுப் போனுக்கு மாறுகிறார்கள் என்று நினைத்தோம். உண்மையில் சான்றிதழ் பிடிக்காத போன், சேவையகத்தோடு அறிமுகமாகிக் கைகுலுக்கும் முதற் கட்டத்திலேயே தொடர்பை அறுத்துவிடுகிறது. தன் பதிப்பு எண்ணைச் சொல்லும் இடம்வரை அது வருவதே இல்லை. மாமி எங்கும் போகவில்லை, எங்கள் கணக்கில் மட்டும் மறைந்துபோனார். இந்தப் புள்ளிவிவரத்தை நம்பி 6ஐ வெட்டியிருந்தால், எங்கள் பழுதையே சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதியிருப்போம்.

உலகச் சராசரியும் கொழும்புக்குப் பொருந்தாது. 2022இல் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360 வரை ஏறியபோது, இறக்குமதியாகும் போனின் விலையும் கூடவே ஏறியது. அந்த ஆண்டு மாற்ற நினைத்த போனைத் திருத்திப் பாவித்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர்.

விடத்தான் வேண்டுமென்றால், பயர்பொக்ஸ் உலாவி செய்த விதம் எனக்குப் பிடிக்கும். விண்டோஸ் 7க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2020 ஜனவரியில் நிறுத்தியது. பயர்பொக்ஸ் 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்போடு அதை விட்டாலும், அந்தப் பாவனையாளரை நீண்டகால ஆதரவுக் கிளைக்கு மாற்றி, பாதுகாப்புத் திருத்தங்களைத் தொடர்ந்து அனுப்பியது; முடிவுத் திகதியையும் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைத்தது. எங்களுக்கு அவ்வளவு ஆள்பலம் இல்லை. 4.4இல் ஓடும் கடைசிப் பதிப்பைப் பதிவிறக்கப் பக்கத்தில் வைத்து, "இதற்கு இனித் திருத்தம் வராது, சொற்பட்டியல் இந்தத் திகதி வரைக்குமானது" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதினோம். போனை ரீசெட் செய்தாலும் அகராதி திரும்பக் கிடைக்கவேண்டும்.

6ஐ எப்போது விடுவது என்ற நிபந்தனையையும் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டோம்: கட்டும் கருவி கைவிட்டால், அல்லது பரிசோதிக்க உண்மையான போன் ஒன்று இல்லாமற்போனால். இப்போதைக்கு எங்களிடம் இருக்கும் அன்ட்ரொய்ட் 6 மாமியுடையது மட்டும்தான். புதிய பதிப்பு வெளியாகும் முன் ஞாயிறு பின்னேரம் போய் அதை இரவல் வாங்கி வருவேன்.