மழையில் ஏறும் கப்பல்

பனாமா கால்வாய் என்று பேச்செடுத்தாலே ஒரு கேள்வி வந்து விழும். இரண்டு பக்கமும் கடல்தானே, நடுவில் இருக்கிற நிலத்தை வெட்டிவிட்டால் கப்பல் நேராகப் போய்விடாதா, எதற்கு அதைத் தூக்கி இறக்க வேண்டும்?

சூயஸில் அப்படித்தான் வெட்டினார்கள். அங்கே தட்டையான மணல். அதை முடித்த பெர்டினாண்ட் டி லெசெப்ஸ் அதே நினைப்போடு 1881இல் பனாமாவில் வேலையைத் தொடங்கினார். இங்கே மலை, ஓயாத மழை, சரியும் சேறு, கொசு. 1889இல் கம்பெனி திவாலானபோது சுமார் 22,000 பேர் இறந்திருந்தார்கள், பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும். 1904இல் வேலையை எடுத்துக்கொண்ட அமெரிக்கர்கள் கொசுவை ஒழித்தார்கள், மலையைக் கடல்மட்டம் வரை வெட்டும் ஆசையையும் விட்டார்கள். சாக்ரஸ் ஆற்றைக் காத்தூன் என்ற இடத்தில் அணை போட்டு மறித்து, கடலைவிட 26 மீட்டர் உயரத்தில் ஓர் ஏரியைத் தேக்கினார்கள். கப்பலை இந்தப் பக்கம் ஏரிக்கு ஏற்று, அந்தப் பக்கம் இறக்கு. 1914 ஆகஸ்ட் 15இலிருந்து நடப்பது இதுதான்.

எப்படி ஏறுகிறது என்று பார்க்க, ஆயிரக்கணக்கானோர் போகும் சொகுசுக் கப்பலைவிட அறுபது எழுபது பேர் குழுவாகப் போகும் சின்னக் கப்பல்தான் நல்லது என்பேன். பெரிய கப்பலின் பத்தாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் கால்வாய் பொம்மை மாதிரி கீழே கிடக்கும். சின்னக் கப்பலில் சுவர் உங்கள் முகத்துக்கு நேரே நிற்கும்.

கரீபியன் பக்கம், கொலோன் நகரிலிருந்து உள்ளே வருகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பைலட், அதாவது கால்வாயின் வழிகாட்டி மாலுமி, ஏறுவார். மற்ற துறைமுகங்களில் பைலட் வழி சொல்வார், பொறுப்பு கேப்டனுக்கு. இங்கே கப்பலை நடத்தும் அதிகாரமே பைலட் கைக்குப் போய்விடும். பிறகு காத்தூன் லாக். இதை நீர்ப்பூட்டு என்று தமிழாக்கியிருக்கிறார்கள். பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. நான் அறை என்றே சொல்லிவிடுகிறேன். ஒன்றைவிட ஒன்று உயரமாக மூன்று அறைகள். ஒவ்வொன்றும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலம், மேலே திறந்த கான்கிரீட் தொட்டி.

பெரிய கப்பலைச் சுவரில் மோதாமல் நடுவில் பிடித்து வைக்க, இரு கரையிலும் தண்டவாளத்தில் மின்சார எஞ்சின்கள் உண்டு. மியூல், அதாவது கோவேறு கழுதை, என்று பெயர். பாய்மரப் படகு போன்ற சிறிசுகளுக்குக் கயிறுதான். கரையில் நிற்பவர் நுனியில் பந்துபோல முடிச்சிட்ட மெல்லிய கயிற்றைச் சுழற்றி எறிவார். படகிலிருப்பவர் அதில் தடித்த வடத்தைக் கட்டி அனுப்புவார். படகின் நான்கு மூலைக்கும் நான்கு ஆள். தண்ணீர் ஏற ஏற வடத்தை இழுத்துத் தளர்ச்சியை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் அசந்தால் படகு திரும்பிவிடும்.

பின்னால் கதவு மூடுகிறது. பாசி படிந்த ஈரச்சுவர் இருபுறமும் தளத்துக்கு மேலே எழுந்து நிற்க, கிணற்றுக்குள் இறங்கியதுபோல இருக்கும். சற்று நேரத்தில் தண்ணீர் கொப்பளிக்கத் தொடங்கும். பம்ப் எதுவும் ஓடவில்லை. வீடு கட்டும் இடத்தில் கொத்தனார் தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளைத் தூரத் தூர வைத்து மட்டம் பார்ப்பாரே, அதே சங்கதி. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே சுவருக்குள் 5.5 மீட்டர் விட்டமுள்ள சுரங்கக் குழாய் போகிறது. அதன் மதகைத் திறந்தால் மேலிருக்கும் தண்ணீர் கீழே இறங்கி, தரையில் உள்ள சுமார் நூறு துளைகள் வழியாகப் பரவலாகப் பொங்கும். ஒரே வாயில் விட்டிருந்தால் அந்த வேகத்தில் கப்பலைச் சுவரில் அடித்திருக்கும். தொடக்கத்தில் விறுவிறுவென்று ஏறும். இரு மட்டமும் நெருங்க நெருங்க தள்ளும் விசை குறைவதால் கடைசி ஒரு சாண் மட்டும் நிதானமாகத்தான் வரும். எட்டுப் பத்து நிமிடத்தில் பாசி மறைந்து, கரையின் புல்லும் தண்டவாளமும் கண்ணுக்கு நேராக வந்துவிடும்.

கதவுகளையும் கவனியுங்கள். இரட்டைக் கதவு நேர்கோட்டில் மூடாமல், மேட்டுப் பக்கம் பார்த்த கூம்பாக முட்டி நிற்கும். தண்ணீர் தள்ளத் தள்ள இரண்டும் ஒன்றையொன்று இன்னும் இறுக்கிக்கொள்ளும். லியனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இந்தக் கதவின் படம் இருக்கிறது. இரு பக்கமும் மட்டம் ஒரு மீட்டர் வித்தியாசப்பட்டாலே ஒரு கதவின்மேல் இருநூறு டன்னுக்கு மேல் விசை விழும். யாராலும் திறக்க முடியாது. மட்டம் சமமானால் அலட்டாமல் திறக்கும், ஏனென்றால் உள்ளே வெற்றிடம் விட்டுச் செய்த கதவு, பாதி மிதக்கிறது.

இப்போது செலவுக் கணக்கு. காத்தூனில் ஏறும்போது ஏரியிலிருந்து ஏறக்குறைய ஓர் அறைத் தண்ணீர் இறங்குகிறது. மேல் அறை வடிந்த தண்ணீர்தான் அடுத்த அறையை நிரப்புகிறது என்பதால் மூன்று படிக்கும் ஒரே நிரப்பு. பசிபிக் பக்கம் இறங்கும்போது இன்னொன்று. மொத்தம் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர். சென்னைக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 12,000 லிட்டர் லாரியில் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட லோடு.

பெரிய கப்பலுக்கு அதிகம், சின்னதுக்குக் கொஞ்சம் என்றுதானே தோன்றும்? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கப்பல் தன் எடைக்கு நிகரான நீரை ஒதுக்கிக்கொண்டு மிதக்கிறது. மேல் அறையிலிருந்து அது ஏரிக்குள் நகர்ந்ததும், விட்டுப்போன இடத்தை நிரப்ப அதன் எடை அளவு ஏரி நீர் அறைக்குள் வரும். மறுபக்கம் இறங்கும் அறைக்குள் நுழையும்போது அதே அளவு நீரை ஏரிக்கே திருப்பித் தள்ளும். கூட்டிக் கழித்தால் கப்பலின் எடை கணக்கில் வராது. அறுபது பேர் போகும் கப்பலுக்கும் அறுபதாயிரம் டன் கோதுமைக் கப்பலுக்கும் அதே 20 கோடி லிட்டர்தான். 1928இல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்பவர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். அவரையும் ஒரு கப்பலாகப் பாவித்து, எடைக்கேற்ப 36 சென்ட் சுங்கம் வாங்கினார்கள். சுங்கம் ஆளின் எடைக்கு. அறை நிரம்பி வடிந்தது கப்பலுக்கு ஆவதுபோலவே.

அதனால்தான் சின்னவர்களை ஒரே அறையில் சேர்த்து அனுப்புகிறார்கள். முன்னால் ஒரு சரக்குக் கப்பல், பின்னால் நீங்கள், பக்கத்தில் இரண்டு படகு. ஷேர் ஆட்டோ கணக்குத்தான்.

படியேறிய பிறகு ஏரி. பழைய காட்டை மூழ்கடித்துத் தேங்கிய 425 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. தெரியும் தீவுகளெல்லாம் ஒரு காலத்து மலையுச்சிகள். அவற்றில் ஒன்றான பாரோ கொலராடோவில் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவன ஆய்வாளர்கள் நூறாண்டாகக் காட்டைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். பனாமா சிட்டிக்கும் கொலோனுக்கும் குடிநீரும் இந்த ஏரியிலிருந்து போகிறது. கடலைக் கொண்டு நிரப்ப முடியாது. மழை வந்தால் உண்டு. 2023இல் எல் நீனோ வந்து மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளைக்கு 36 கப்பல் போகும் இடத்தில் டிசம்பரில் 22 ஆக்கினார்கள். 2016இல் திறந்த புதிய பெரிய அறைகளுக்குப் பக்கத்துத் தொட்டிகள் உண்டு. வடியும் நீரில் 60 சதவீதத்தை அவற்றில் பிடித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதுவும் போதாமல், பக்கத்து இந்தியோ ஆற்றில் அணை கட்டப் பார்க்கிறார்கள். நிலம் மூழ்கப்போகும் கிராமத்தார் எதிர்க்கிறார்கள்.

ஏரிக்குள் வந்ததும் கப்பல் சற்றுக் கூடுதலாக அமிழும். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பதர் பிரிப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடல்நீர் நன்னீரைவிட இரண்டரை சதவீதம் கனம். 12 மீட்டர் ஆழம் அமிழ்ந்து வந்த கப்பல் இங்கே கால் மீட்டருக்கு மேல் கூடுதலாக இறங்கும். எவ்வளவு அமிழலாம் என்று காட்டக் கப்பலின் பக்கவாட்டில் வரைந்த கோடுகளில் டி.எஃப். என்பது வெப்பமண்டல நன்னீருக்கானது.

குலேப்ரா மலைவெட்டைத் தாண்டி, பெத்ரோ மிகேலில் ஒரு படி, மிராஃப்ளோரஸில் இரண்டு படி இறக்கம். மேற்கே போவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நிலம் அங்கே வளைந்து கிடப்பதால் பசிபிக் வாய் கரீபியன் வாய்க்குக் கிழக்கே இருக்கிறது. மிராஃப்ளோரஸின் கடைசிக் கதவுகள்தான் எல்லாவற்றிலும் உயரமானவை, 25 மீட்டர். காரணம் ஓதம், அதாவது கடல்மட்டம் அன்றாடம் ஏறி இறங்குவது. கரீபியனில் அது ஒரு மீட்டர்கூட இல்லை. பசிபிக்கில் ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும்.

அந்தக் கதவு திறக்கும்போது தளத்தில் நின்று தண்ணீரைப் பாருங்கள். இரு பக்கமும் மட்டம் ஒன்றுதான், ஆனாலும் நீர் அசைகிறது. கனமான உப்புநீர் அடியில் நுழைந்து அறைக்குள் ஊர, லேசான ஏரி நீர் மேலே வழிந்து கடலுக்குப் போகிறது. எஞ்சினை முடுக்கும் முன்பே கப்பல் மெல்ல முன்னால் நகரத் தொடங்கும். கயிற்றுக்காரர்கள் வடத்தை இறுக்கிப் பிடித்திருப்பார்கள், பைலட் சைகை காட்டும் வரை.