சென்ட் வாசத்தில் ஒரு காக்டெயில்: புட்டியைத் திறக்கும் முன்

உணவுக்கு மணமூட்டும் பொருள்களைத் தயாரிக்கும் துறையில் வேதியியலாளராக இருப்பதால், வீட்டிலேயே காக்டெயில் கலந்து பார்க்கும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தமக்குப் பிடித்த சென்ட்டின் வாசம் கோப்பையிலும் வர வேண்டுமென்றால் எதைச் சேர்ப்பது? ஆசையில் தவறில்லை. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு, விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம்தான். கேட்பவர்களில் சிலர் சென்ட் புட்டியிலிருந்தோ அரோமாதெரபி எண்ணெயிலிருந்தோ இரண்டு சொட்டு விட நினைப்பதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

சென்ட்டில் உள்ள ஆல்கஹால், யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காகவே கசப்புப் பொருள் முதலியவை கலந்து கெடுக்கப்பட்டது. புட்டியின் பின்புறம் ‘ஆல்கஹால் டீநாட்’ என்று அச்சிட்டிருப்பதன் பொருள் அதுவே. ரஷ்யாவின் இர்குட்ஸ்க் நகரில் 2016 டிசம்பரில், மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் என்று குறிப்பிடப்பட்டிருந்த குளியல் திரவத்தை மதுவாகக் குடித்து 70-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உள்ளே இருந்தது மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹால். வெளிப்பூச்சுப் பொருளின் லேபிளை உணவு லேபிளைப் போல நம்பக் கூடாது.

வாசனை எண்ணெய்கள் இயற்கையானவைதானே என்பார்கள். வின்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில், அதாவது 5 மில்லியில், ஏறக்குறைய இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் (ஆஸ்பிரின் வகை வேதிப்பொருள்) இருக்கிறது. தவிர, எண்ணெய் நீரில் கரையாது. ஜின்னிலும் எலுமிச்சைச் சாற்றிலும் முழுமையாகக் கலக்காமல் பெரும்பாலும் மேலே மிதந்து, முதல் மடக்கிலேயே செறிவாக உதட்டையும் நாக்கையும் எரிக்கும்.

எனவே சென்ட்டைப் புட்டியிலிருந்து எடுக்காமல், அதன் மணம் எந்தச் செடியிலிருந்து வந்ததோ அங்கிருந்து எடுக்க வேண்டும். இதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம், காய்ச்சல் வந்தால் நம் வீடுகளில் துணியில் நனைத்து நெற்றியில் போடும் யூடிகோலன். ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜோஹன் மரியா ஃபரீனா என்ற இத்தாலியர் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த மணம், பெர்கமோட் (எலுமிச்சை இனப் பழம்), எலுமிச்சை, ஆரஞ்சு, ஆரஞ்சுப்பூ, ரோஸ்மேரி என்று பெரும்பாலும் சமையலறைக்குள் வரக்கூடியவற்றால் ஆனது. அந்தக் காலத்தில் யூடிகோலனை மருந்தாகவே குடித்தார்கள். இன்று கடையில் விற்பதை அப்படிக் குடிக்க முடியாது.

இரண்டு எலுமிச்சை, ஒரு ஆரஞ்சு ஆகியவற்றை மெழுகுப் பூச்சு போக வெந்நீரில் தேய்த்துக் கழுவி, மேல்தோலை மட்டும் மெல்லியதாகச் சீவ வேண்டும். உள்ளிருக்கும் வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். அந்தத் தோலை 100 கிராம் சர்க்கரையுடன் சேர்த்துக் கசக்கி மூடி வைத்தால், நான்கைந்து மணி நேரத்தில் சர்க்கரை தோலின் எண்ணெயை இழுத்து ஈரமணலாகப் பளபளக்கும், தோல் சுருங்கி விறைத்திருக்கும். அதில் 100 மில்லி எலுமிச்சைச் சாற்றை விட்டுக் கரைத்து வடிகட்ட வேண்டும். பெர்கமோட் பழம் நம் ஊரில் கிடைப்பது அரிது என்றாலும், ஏர்ல் கிரே தேயிலைக்கு மணம் தருவது அதுதான் என்பதால் அந்தத் தேநீரே போதும். ஆறவைத்த தேநீர் 60 மில்லி, வடித்த பாகு 25 மில்லி, ஜின் 45 மில்லி, உணவுத்தரமான ஆரஞ்சுப்பூ நீர் மூன்றே சொட்டு என ஐஸுடன் நன்றாகக் குலுக்கி ஊற்றி, ஒரு ரோஸ்மேரிக் கொத்தை உள்ளங்கையில் ஒரு தட்டு தட்டி மேலே வைக்கலாம். நான்காவது சொட்டு விழுந்தால் சோப்பு நெடி வந்துவிடுகிறது என்பது என் கருத்து. ஜின்னுக்குப் பதில் சோடா ஊற்றினாலும் மணம் குறைவதில்லை. உண்மையில் எனக்கு அதுவே அதிகம் பிடிக்கும்.

ஜின் சேர்த்தால் ஒரு கோப்பையில் ஏறத்தாழ 15 கிராம் ஆல்கஹால் போகிறது. இனிப்பும் மணமும் அதை மறைத்துவிடுவதால் வேகமாகக் குடித்துவிடுவார்கள்.

எலுமிச்சைக்குப் பதிலாகக் கிரேப்ஃப்ரூட் சேர்க்க விரும்புபவர்கள் தம் மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர், ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்கத்தான் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்தார்கள். ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பாராமல் உயர்ந்ததற்கு அந்தச் சாறே காரணம் என்று பின்னர் தெரிந்தது. சிம்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். பம்பளிமாஸுக்கும் இந்தக் குணம் உண்டு.

சில மணங்களைக் கோப்பைக்குக் கொண்டுவர முயலவே கூடாது. லில்லி ஆஃப் த வேலி மணமுள்ள சென்ட்டுகள் பல இருந்தாலும், அந்தச் செடியின் பூ, இலை, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. ரோஜாவும் மல்லிகையும் அப்படியல்ல. ஆனால் பூக்கடையில் வாங்குபவை மருந்தடித்து வளர்த்தவையாக இருக்கலாம் என்பதால், வீட்டுச் செடியில் பறித்ததையோ உணவுக்கென்று விற்பதையோ மட்டும் பயன்படுத்த வேண்டும். பன்னீரும் ஆரஞ்சுப்பூ நீரும் முகத்தில் தெளிக்க ஒரு வகை, சமையலுக்கு ஒரு வகை என்று ஒரே மாதிரிப் புட்டிகளில் அடுத்தடுத்து அடுக்கப்பட்டிருக்கும். இந்தியாவில் வாங்குவதாக இருந்தால், லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையோடு 14 இலக்க உரிம எண் இருக்கும் புட்டியை எடுங்கள்.