ஸ்கேன் நார்மல் என்றால் மனச்சோர்வு இல்லை என்று பொருளா?

காரைக்குடியில் நான் பார்க்கும் முதியவர்களில் பலர், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பெரிய வளவு வீட்டில் தனியாக வாழ்பவர்கள். விடுமுறையில் ஊருக்கு வந்த ஒரு மகன், எம்ஆர்ஐ படங்கள் அடங்கிய உறையோடு தம் தாயை அழைத்து வந்திருந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). "ஸ்கேன் நார்மல்னு வந்திருக்கு டாக்டர். அப்புறம் ஆத்தாவுக்கு மாத்திரை எதுக்கு? வேணும்னா ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்து, குணமாகுதான்னு பாத்துக்கலாமா?" என்றார். ஆச்சி தலையைக் குனிந்தபடி, "எனக்கு ஒண்ணும் இல்லைனு படமே சொல்லிருச்சு தம்பி" என்றார். பொய் சொல்லிப் பிடிபட்டவரைப் போல அவர் அதைச் சொன்ன விதம் என்னை இன்றும் வருத்துகிறது.

முதுமையில் முதன்முறையாக மனச்சோர்வு தலைகாட்டும்போது நாங்களே ஸ்கேன் எடுக்கச் சொல்வதுண்டு. மூளையில் கட்டி, சிறு பக்கவாதம், எப்போதோ கீழே விழுந்ததில் மண்டைக்குள் தேங்கிய ரத்தம் ஆகியவையும் சோர்வாகவே வெளிப்படக்கூடும் என்பதுதான் காரணம். ரிப்போர்ட்டில் உள்ள 'நார்மல்' என்ற சொல் அவை இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. ஆச்சியின் துயரத்தைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மனச்சோர்வு மூளையில் தடம் பதிக்காமல் இல்லை. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்தும் எனிக்மா கூட்டாய்வு, மனச்சோர்வு கொண்ட 1,728 பேரின் படங்களை அது இல்லாத 7,199 பேரின் படங்களோடு ஒப்பிட்டு, நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதி முதல் குழுவினரிடம் சராசரியாகச் சற்றே சிறியதாக இருப்பதைக் கண்டது. ஆனால் நலமாக இருப்பவர்களுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரிது என்பதால், ஒருவருடைய படத்தை மட்டும் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. 2024-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் நெருங்கிச் சென்றது. எது முக்கியம் என்று கவனித்தறியும் மூளை வலைப்பின்னல், மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் ஏறக்குறைய இரு மடங்கு பரப்பில் விரிந்திருந்தது. சிலரை மாதக்கணக்கில் மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்தபோது, மனநிலை ஏறினாலும் இறங்கினாலும் அந்தப் பரப்பு மாறவில்லை. அதன் இணைப்புகளின் வலிமை மட்டும் சில அறிகுறிகளோடு சேர்ந்து மாறியது. எனக்கு இது பெரும் நம்பிக்கை தருகிறது. எனினும் அந்த இணைப்புகளை அளந்தது மூளையின் இயக்கத்தைப் பதிவு செய்யும் எஃப்எம்ஆர்ஐ என்ற வேறு முறையில், பல மணி நேரப் பதிவுகளைக் கொண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் சாதாரண ஸ்கேனில் அது தெரியாது.

ஆகவே நான் பின்தொடர்வது பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகளை. தூக்கம், பசி, ஆர்வம், சாக வேண்டும் என்ற எண்ணம் போன்றவை கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இருந்தன என்று கேட்டு, 0 முதல் 27 வரை மதிப்பெண் இடுகிறோம்; எண் கூடக் கூடச் சோர்வு அதிகம் என்று பொருள். ஆச்சிக்கு முதலில் 18 வந்தது. தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகைக்கான பரிசோதனைகளையும் பார்த்துவிட்டு மருந்தைத் தொடங்கினேன். மதிப்பெண்ணோடு இன்னொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: ஓலைக் கொட்டான் முடைவதை அவர் எப்போது நிறுத்தினார் என்பதை. ஒன்றரை ஆண்டாயிற்று என்றார்.

மூன்றாம் மாதம் மதிப்பெண் 7-க்கு இறங்கியது. ஓலை வாங்கி வரச் சொல்லியிருப்பதாகவும், விரல்தான் இன்னும் பழைய வேகத்துக்கு வரவில்லை என்றும் ஆச்சி சொன்னார். மகன் தொலைபேசியில் மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்டார். முழுக் குணம் கண்ட பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும் என்று சொல்லி, அடுத்த வருகைக்கு நாள் குறித்துக் கொடுத்தேன்.