மெரினோ கம்பளி: வாடை எங்கே போகிறது?

மலையேற்றத்துக்கும் நெடும் பயணத்துக்கும் வாங்கும் பனியன், காலுறைகளில் 'மெரினோ' என்ற பெயர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. கூடவே 'நாற்ற எதிர்ப்பு' என்ற அடைமொழியும் வரும். தமிழில் எழுதும்போது முதல் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத்தான் மாற்ற வேண்டும்.

மெரினோ என்பது ஒரு செம்மறி ஆட்டு இனத்தின் பெயர். ஸ்பெயினில் வளர்ந்த இனம். பெயர் எப்படி வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. வட ஆப்பிரிக்காவை ஆண்ட பெர்பர் குலமான மரினிதுகளின் பெயரிலிருந்து வந்தது என்பது ஒன்று. இடைக்கால ஸ்பெயினின் காஸ்டில் நாட்டில் அரசு அதிகாரி ஒருவரைக் குறித்த 'மெரினோ' என்ற பதவிப் பெயரே ஆட்டுக்கும் வந்தது என்பது மற்றொன்று. உயிருள்ள மெரினோ ஆடு நாட்டைவிட்டுப் போகாதபடி ஸ்பெயின் நெடுங்காலம் காவல் காத்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்தக் கட்டு தளர்ந்து, 1765இல் ஜெர்மனியின் சாக்சனிக்கும் 1786இல் பிரான்சின் ராம்பூயேவுக்கும் மந்தைகள் போயின. 1797இல் ஆஸ்திரேலியாவில் கரையிறங்கின. நம் நீலகிரி ஆட்டிலும் மெரினோ ரத்தம் கலந்திருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அந்த ஆட்டைப் பேணி வருகிறார்கள்.

ஆக, இது இனப் பெயர், மொழிபெயர்க்கத் தேவையில்லை. கம்பளி என்பது 'கம்பலம்' என்ற வடசொல்லோடு உறவுடையது. அதற்கு முன்பே தமிழில் இருந்தது 'மயிர்'. சிலப்பதிகாரம் மதுரையின் துணிக்கடைத் தெருவான அறுவை வீதியைச் சொல்லும்போது 'நூலினும் மயிரினும் நுழைநூல் பட்டினும்' என்று துணி வகைகளை அடுக்குகிறது. இன்று அந்தச் சொல்லுக்குப் பேச்சில் வேறு நிறம் ஏறிவிட்டது. 'மெரினோ கம்பளி' என்பதே போதும். தனித்தமிழ்ச் சொல் வேண்டுவோர் 'நுண்ணுரோமம்' போன்ற சொற்களைத் தேடத் தேவையில்லை, ஏனென்றால் அது எந்த ஆடு என்பதைச் சொல்லாது.

சரி, 'நாற்ற எதிர்ப்பு'க்கு வருவோம். இதைப் படிப்பவர், துணி பாக்டீரியாவைக் கொல்கிறது என்றே நினைப்பார். கம்பளி அப்படிச் செய்வதில்லை. ஆட்டின் உடம்பிலுள்ள லேனலின் என்ற மெழுகுதான் காரணம் என்றும் சிலர் சொல்வார்கள். நூலாக்கும் முன்பே கம்பளியை அலசும்போது அதில் பெரும்பகுதி போய்விடும்.

அக்குளில் சுரக்கும் வியர்வைக்குப் புதிதில் வாடை கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் ஐசோவலெரிக் அமிலம் போன்ற வாடைப் பொருள்கள் பிறக்கின்றன. இவை துணியிலிருந்து ஆவியாகி மூக்கை எட்டினால்தான் நமக்குத் தெரியும். எல்லாமே இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது.

பாலியெஸ்டர் இழை நீரை ஏற்காது. சாதாரணக் காற்றில் அதிலிருக்கும் ஈரம் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. பருத்தியில் 8 விழுக்காட்டை ஒட்டி இருக்கும், கம்பளியில் 16ஐ ஒட்டி. காற்று மிக ஈரமானால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். இழையின் வெளிச் செதில்கள் தண்ணீரை ஒதுக்கும், உட்பகுதி ஆவியை வாங்கிக்கொள்ளும். கம்பளி கெரட்டின் என்ற புரதம். அதில் அமிலத் தன்மையும் காரத் தன்மையும் உள்ள தொகுதிகள் இரண்டும் இருக்கின்றன. அமில வாடைப் பொருள் வந்தால் ஒன்று பிடிக்கும், அம்மோனியா வந்தால் மற்றது பிடிக்கும். பாலியெஸ்டர் எண்ணெய்ப் பசையை மட்டும் விரும்பிப் பிடித்துக்கொண்டு வாடையைக் காற்றில் விட்டுவிடும். பல நாள் போட்ட கம்பளிப் பனியனிலும் பாக்டீரியா இருக்கவே செய்யும். முகர்ந்தால் அவ்வளவாகத் தெரியாது, அவ்வளவுதான். துவைக்கும்போது பிடித்து வைத்ததில் பெரும்பகுதி தண்ணீரோடு போகும்.

அதனால்தான் 'வாடை அடக்கும்' என்பதே சரியான தமிழ் என்கிறேன். அடங்குதல் என்றால் இல்லாமல் போவதல்ல, வெளியே வராமல் உள்ளே இருப்பது. இழையில் நடப்பதும் அதுவே. நாற்றம் என்ற சொல் பழைய தமிழில் நறுமணத்தையும் குறித்தது. வியர்வைக்கு, பேசும்போது வரும் 'வாடை' இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் குணம் மெரினோவுக்கு மட்டும் உரியதல்ல. முரட்டுக் கம்பளிக்கும் உண்டு. ஆனால் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை தோலில் குத்தும், அரிக்கும். மெரினோ பெரும்பாலும் 24 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் உடம்போடு ஒட்டிப் போட முடிகிறது. வாங்கும்போது சீட்டில் உள்ள விழுக்காட்டைப் பாருங்கள். பாலியெஸ்டர் பாதிக்கு மேல் கலந்த துணிக்கும் முன்பக்கத்தில் 'மெரினோ' என்றே பெரிதாக அச்சிட்டிருக்கலாம். வாடையை அடக்குவது அதிலுள்ள கம்பளிப் பங்கு மட்டுமே.