கோடே தன் கையேட்டை எழுதுமா?

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு பொறியியல் மாணவர் கேட்டிருக்கிறார்: "மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு எங்க சீனியர் கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துட்டு பெங்களூர் போயிட்டார். கோட் நல்லா ஓடுது. ஆனா எந்த ஃபங்ஷன் என்ன செய்யுதுன்னு பாதி இடத்துல எழுதவே இல்ல, எழுதின இடத்துலயும் பழைய விளக்கம். ஒரே கமாண்டில் டாக்குமென்டேஷன் எடுக்க வழி இருக்கா சார்?"

இருக்கிறது. 1990-களிலேயே ஜாவாவுடன் ஜாவாடாக் வந்துவிட்டது. 1997-இல் டாக்சிஜன், 2008-இல் பைத்தான் என்ற நிரல்மொழிக்கு ஸ்பிங்க்ஸ். கோடுக்குள் எழுதி வைத்த விளக்கங்களைப் பிரித்தெடுத்துப் பக்கங்களாக அடுக்குவதுதான் இவற்றின் வேலை. சீனியர் ஜாங்கோவில் (பைத்தானில் இணையச் செயலிகள் கட்ட உதவும் சட்டகம்) எழுதியிருக்கிறாராம். அதில் சொந்தமாகக் கட்டளை சேர்ப்பதும் சுலபம். ஆப் ஃபோல்டருக்குள் 'மேனேஜ்மென்ட்', அதற்குள் 'கமாண்ட்ஸ்' என்று ஃபோல்டர்கள் வைத்து, அங்கே ஒரு பைத்தான் ஃபைலைப் போட்டால் ஃபைலின் பெயரே கட்டளையின் பெயராகிவிடும். உள்ளே 'கமாண்ட்' என்றொரு கிளாஸ், அதில் 'ஹேண்டில்' என்றொரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலையைச் செய்யும் கோட் துண்டு. அவ்வளவுதான்.

அந்த 'ஹேண்டில்' உள்ளே என்ன நடக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு ஆசை அதிகம்.

கடைக் கணக்கில் 'பூ_தொகை' என்று ஒரு ஃபங்ஷன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஓடும். எடை, கிலோ விலை, தரகு என மூன்று தகவல்களை அது வாங்குகிறது. தரகு சொல்லாவிட்டால் 10 சதவீதம். பைத்தான் இதைப் படிக்கும்போது முதலில் எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது சொல் போன்ற சிறு துண்டுகளாக உடைக்கும். பிறகு, பள்ளியில் வாக்கியத்தை எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரித்தோமே, அதுபோல டோக்கன்களைப் பிரித்து ஒரு மரமாக அடுக்கும். ஃபங்ஷன் ஒரு கிளை. அதன் பெயர், வாங்கும் தகவல்கள், உள்ளே இருக்கும் வரிகள் எல்லாம் அதிலிருந்து பிரியும் சிறு கிளைகள்.

இப்போது கவனியுங்கள். # போட்டு எழுதும் கமெண்ட் இந்த மரத்தில் ஏறுவதே இல்லை. டோக்கன் கட்டத்திலேயே உதிர்ந்துவிடுகிறது. ஆனால் ஃபங்ஷனின் முதல் வரியாக, மேற்கோள் குறிக்குள் ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) எழுதினால் அது உதிராது. மொழியின் கணக்கில் அது கமெண்ட் அல்ல. ஒரு முழு வாக்கியம். அதனால் மரத்தில் ஏறுகிறது. ஏறியதோடு, அது முதல் வாக்கியமாக இருப்பதைப் பார்த்து ஃபங்ஷனோடேயே ஒட்டி வைக்கிறது பைத்தான். இதுதான் டாக்ஸ்ட்ரிங். அதே சரத்தை வேறொரு கோட் வரிக்குப் பின்னால் எழுதிப் பாருங்கள்: ஒட்டாது, வெறும் பயனற்ற சரமாகப் போய்விடும். முன்னால் 'எஃப்' போட்ட சரமும் ஒட்டாது, முதல் வரியாகவே இருந்தாலும். இடம் ஒன்றை மட்டும் வைத்து, புதிய குறியீடு எதுவும் சேர்க்காமல், மனிதனுக்கான விளக்கத்தை இயந்திரத்தின் மரத்துக்குள் குடியேற்றிவிட்டார்களே! இந்த ஏற்பாட்டைப் பற்றி எத்தனை முறை பேசினாலும் எனக்கு அலுப்பதில்லை.

இந்த மரத்தைப் பெற கோடை ஓட்ட வேண்டியதில்லை. பைத்தானோடு வரும் 'ஏஎஸ்டி' மாட்யூலிடம் ஃபைலின் எழுத்துகளைக் கொடுத்தால் போதும். ஸ்பிங்க்ஸின் தானியங்கி வசதி அப்படியல்ல, கோடை இம்போர்ட் செய்துதான், அதாவது ஏற்றி ஓட்டித்தான் படிக்கும். ஃபைலின் வெளிமட்டத்தில் 'டேட்டாபேஸில் எழுது' என்று ஒரு வரி கிடந்தால் அதுவும் அப்போதே ஓடிவிடும். நாளும் வியாபாரம் நடக்கும் கடையின் கணக்கு இது. ஆகவே மரமே பத்திரம்.

மரத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தகவல்களின் பெயர்கள் ஒரு பட்டியலிலும், சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்புகள் இன்னொரு பட்டியலிலும் இருக்கும். நம் ஃபங்ஷனில் பெயர் மூன்று, மதிப்பு ஒன்று. எது எதோடு சேரும்? கடைசியிலிருந்து சேர்க்க வேண்டும். மதிப்பு உள்ளவை கடைசியில்தான் வர வேண்டும் என்பது பைத்தானின் விதி. அதனால் 10 தரகோடு சேர்கிறது. முன்னாலிருந்து சேர்த்தால் எடை 10 என்று ஆவணம் பொய் சொல்லும்.

பொய் என்றேன். ஆவணம் இல்லாததைவிடப் பொய்யான ஆவணம் மோசம் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இந்தக் கட்டளை பக்கங்களை அச்சிடுவதோடு நிற்கக் கூடாது. டாக்ஸ்ட்ரிங்கில் 'கிலோ விலை, எடை' என இரண்டைத்தான் விளக்கியிருக்கிறார்கள், மரத்தில் மூன்று இருக்கிறது என்றால் அதைச் சுட்டிக் காட்ட வேண்டும். விளக்கமே இல்லாத ஃபங்ஷன்களைத் தனியாகப் பட்டியலிட வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போவது, பைத்தானோடு வரும் டாக்டெஸ்ட். விளக்கத்துக்குள் >>> போட்டு ஒரு உதாரணமும் விடையும் எழுதினால், அதை உண்மையிலேயே ஓட்டி விடையை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். 3 கிலோ, கிலோ 600 ரூபாய். 1800-இல் தரகு 180 போக விவசாயிக்கு 1620. ஆனால் 1620 என்று எழுதினால் டாக்டெஸ்ட் ஒப்பாது. சதவீதத்துக்காக வகுத்த இடத்தில் பைத்தான் 3 தசம எண்ணாக்கிவிட்டதால் வரும் விடை 1620.0. அத்தனை கறார். நாளைக்கே யாராவது தரகை 12 ஆக்கி விளக்கத்தை மாற்ற மறந்தால், வருவது 1584.0. உடனே அகப்படும். இது இம்போர்ட் செய்து ஓட்டும் வேலை என்பதால், கடை கணினியில் வேண்டாம். டேட்டாபேஸின் நகலை வைத்துச் செய்யுங்கள்.

விளக்கமே இல்லாத இடங்களுக்கு ஏஐ-யை எழுதச் சொல்லலாமா? முதல் வரைவுக்குச் சொல்லலாம். தரகு 10 என்பதைப் பார்த்து 'மார்க்கெட் வழக்கப்படி' என்று அது சரளமாக எழுதிவிடும். அந்த 10 ஏன் வந்தது என்பது கோடில் இல்லவே இல்லை. கடைக்குப் போய் முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். ஆகவே ஏஐ எழுதிய ஒவ்வொரு விளக்கத்திலும் 'சரிபார்க்கவில்லை' என்ற குறியைக் கட்டளையே சேர்க்கட்டும். ஆள் படித்த பிறகு எடுக்கலாம்.

'ஓடுற கோடைத் தொடாதே' என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு மந்திரம்போலச் சொல்லிக் கொடுத்து வைத்திருக்கிறோம். இது பூனை குறுக்கே போன கதைதான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பயம். கல்லூரி புராஜெக்ட் மதிப்பெண்ணில் ஆவணத்துக்குக் கணிசமான பங்கு தரவேண்டும். அரசுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருளுக்கும் ஆவணப் பராமரிப்புக்கென்று தனித்தொகை ஒதுக்க வேண்டும். எழுதுவதற்குக் கூலி இல்லாத வேலையை யார் செய்வார்?

மாணவருக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டின் ஹூக்ஸ் ஃபோல்டரில் 'ப்ரீ-கமிட்' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் வைத்து, ஓடும் அனுமதி கொடுத்து, அதிலிருந்து இந்தக் கட்டளையை அழையுங்கள். விளக்கம் பொருந்தாத இடத்தில் கட்டளை 'கமாண்ட்எரர்' என்ற பிழையை எழுப்பினால் கமிட், அதாவது மாற்றத்தைப் பதியும் வேலை, அங்கேயே நின்றுவிடும்.